முதற்பணம் மழைநீருக்கே!
(தீவகக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தீவகத்தின் மண்ணையும் நீரையும் காக்கப் பணம் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அப்பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற இரண்டு வினாக்களுக்கு விடை காணவே இங்கு கூடியிருக்கிறோம்.

நமக்கு மலையில்லை, ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது வருவாய். அம்மழை சுண்ணக்கல்லின் ஊடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை அது உவரைத் தாழ்த்தி வைக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழே 40 அடியை இழப்போம். துலாவால் இறைத்த நாளில் மனிதன் களைத்தான்; கிணறு இளைப்பாறியது. இன்று இயந்திரம் களைப்பதில்லை, கிணறு களைக்கிறது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வரம்பு கட்டவும் குளம் தூர்வாரவும் ஆளில்லாது போயிற்று. திரும்பி வந்தோர் கண்டவை பற்றை மண்டிய காணிகளும் உவரேறிய கிணறுகளுமே.

ஆகவே, என் கருத்தில் செலவின் ஒழுங்கு இதுவாகும். முதலாவது, உவர்நீர்த் தடுப்பணைகள். கடல்நீர் ஒருமுறை வயலேறினால், கெடுவது ஒரு போகத்தோடு முடியாது. இரண்டாவது, குளங்களும் கேணிகளும் அவற்றுக்கு நீர் கொணரும் வாய்க்கால்களும். வேலணைச் சாட்டியின் நன்னீரை நம்பி வாழும் நாம், அந்நீர் ஊறும் மண்ணைக் காவாதிருப்பது அறிவுடைமையாகுமா? மூன்றாவது, தரவைகள். நெடுந்தீவில் மாடும் ஆடும் குதிரையும் கோடையில் வாய் நனைக்கக் குளம் வேண்டும். முன்னோர் அடுக்கிய பவளக்கல் மதில்களைச் செப்பனிட வேண்டும். நான்காவது, பனையும் காற்றைத் தடுக்கும் மரங்களும். புதிய இறைப்பு இயந்திரத்துக்கு மானியம் இவையனைத்துக்கும் பின்னரே!

“கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டதே” என்பர் சிலர். தாளையடியில் 2024ஆம் ஆண்டு அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது, வரவேற்போம். அது குடத்தை நிரப்பும். வெங்காயப் பாத்தியை நிரப்பாது.

இனி, தீர்மானிப்பவர் யார்? 2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, 2022இல் அது இந்திய உதவித் திட்டமாக மாறியது. நம் காற்றுக்கும் வெயிலுக்கும் வல்லரசுகள் போட்டியிட்டன. நம் குளத்துச் சேற்றை அள்ளுவதற்கு எவர் போட்டியிட்டார்? அமெரிக்காவில் 1930களில் புழுதிப்புயல் வயல்களை வாரிச் சென்றபின், 1937 முதல் உள்ளூர்தோறும் மண்காப்பு மாவட்டங்கள் அமைந்தன. அரசு பணம் தருகிறது. எதற்கு முதன்மை என்பதை உள்ளூர்க் கமக்காரர் கூடி எடுத்துரைக்கின்றனர். அந்த முறை நமக்கு ஏன் ஆகாது? நமது மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபோது, உரிமையோடு கேட்கும் வாயொன்றையும் இழந்தோம். ஆயினும் கமக்காரர் அமைப்புகள் உள்ளன. பிரதேச சபைகள் உள்ளன. மாரிக்கு முன் தீவுதோறும் கூடிப் பட்டியல் வகுப்போம்.

உரிமை கேட்பவன் கடமையும் ஏற்கவேண்டும். பெரும்போகத்தில் நம் மாடுகளைக் கட்டாக்காலியாக விடுவதை நிறுத்துவோம். மணல் அகழ்வோன் நம் உறவினனாயினும் தடுப்போம். கனடாவிலும் பிரான்சிலும் வாழும் காணிக்காரருக்கு எழுதுவோம்: “கோயிலுக்குக் கோபுரம் கட்டினீர், நன்றி. உம் காணியூடாக வாய்க்கால் செல்ல இசைவு தாரும்!”

தோழர்களே! இறங்கும் மழையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்பிடம் குடமேந்தி நிற்பது நமக்கு அழகன்று. முதற்பணம் மழைநீருக்கே என்று இன்றே தீர்மானம் நிறைவேற்றுவோம்.