தானமாக வந்த கண்

காவல்துறையின் கண்காணிப்புக் கருவிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கருவி சரியாக வேலை செய்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: யாரைக் கேட்டு வாங்கினார்கள்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் இதற்கு நல்ல சான்று.

2016 ஜனவரியில் அந்நகருக்கு மேலே ஒரு சிறிய செஸ்னா விமானம் வட்டமிடத் தொடங்கியது. அதில் பொருத்திய கேமராக்கள் ஏறக்குறைய 30 சதுர மைல் பரப்பை நொடிக்கு ஒரு படமாக எடுத்தன. படத்தில் மனிதர் ஒரு புள்ளி மட்டுமே. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் துப்பாக்கிச் சூடு நடந்த தெருமுனையிலிருந்து அந்தப் புள்ளியைப் பின்னோக்கி ஓட்டினால் எந்த வாசலிலிருந்து புறப்பட்டது என்று தெரியும். முன்னோக்கி ஓட்டினால் எங்கே போய் நின்றது என்று தெரியும். சாயங்காலம் ஒரு வீட்டுக்குள் போய் மறுநாள் காலை அங்கிருந்தே வெளிவரும் புள்ளிக்குப் பெயர் கண்டுபிடிக்க முகம் எதற்கு? ஆகஸ்டில் பத்திரிகைச் செய்தி வரும்வரை இந்த ஏற்பாடு ஊராருக்கும் தெரியாது, நகர மன்றத்துக்கும் தெரியாது. மறைக்கப் பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த செல்வந்தத் தம்பதியர் ஓர் அறக்கட்டளை வழியாகச் செலவை ஏற்றனர். நகரத்தின் கஜானாவிலிருந்து பணம் போகாததால், செலவுக்கு ஒப்புதல் தரும் வாரியத்தின் மேசைக்குக் கோப்பே வரவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காவல்துறைக்கு வரும் தானத்தைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

விமானத்துக்கு முன்பே அங்கே வேறொரு கருவி இருந்தது. செல்போன் கோபுரம் போல நடித்து, சுற்றுவட்டாரத்துப் போன்களையெல்லாம் தன்னோடு பேசவைத்து, தேடும் போன் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் பெட்டி அது. 2007 முதல் 4,300 முறை அதைப் பயன்படுத்தியதாக 2015இல் ஒரு துப்பறியும் அதிகாரி நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். எஃப்.பி.ஐ.யோடு செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தின்படி, கருவியைப் பற்றி வெளியே சொல்ல நேர்ந்தால் வழக்கையே கைவிட வேண்டியிருந்தது. குற்றவாளியைப் பிடிக்க வாங்கிய கருவி. அதைக் காப்பாற்றக் குற்றவாளியை விட்டுவிடலாம்!

வெளியே சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான் என்பார்கள். எந்தக் கருவியை, எந்த நிபந்தனையோடு வாங்குகிறோம் என்று சொல்வது வேறு. இன்று யாரைப் பின்தொடர்கிறோம் என்று சொல்வது வேறு. தொலைபேசி ஒட்டுக்கேட்பு உண்டென்று உலகத்துக்கே தெரியும்; அதனால் அது பயனற்றுப் போய்விடவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 2015 முதல் 2022 வரை ஆண்டுதோறும் 300 பேருக்கு மேல் கொலையுண்ட நகரம் பால்டிமோர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அந்தரங்க உரிமை என்று பேச யாருக்கு வாய் வரும்? ஆனால் 2020இல் அதே விமானம், இம்முறை வாரியத்தின் ஒப்புதலோடு, ஆறு மாதம் பறந்தது. ஒப்பந்தம் பொதுவில் இருந்தது. அதனால் ஊர்க்காரர்கள் வழக்குத் தொடுக்க முடிந்தது. 2021 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 8-க்கு 7 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள் மறுபக்கம் நின்றார்கள் என்பதால், விமானத்தை ஆதரித்தவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விவாதமே 2016இல் நடக்க வழியில்லாமல் இருந்தது என்பதுதான் என் குறை. விமானம் பறந்த 2020இலும் கொலைகள் 300-ஐத் தாண்டின. விமானமே இல்லாத 2024இல் 201. இறக்கத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் விமானம் இல்லாவிட்டால் பிணம்தான் என்ற மிரட்டல் இங்கே எடுபடாது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து 2018இல் ஒரு விதி செய்தது: கண்காணிப்புக் கருவியை வாங்குமுன், அது தானமாக வந்தாலும்கூட, காவல்துறை நகர மன்றத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கத்தில் அரசு கைவைக்க முதல் நிபந்தனை ஒரு சட்டம் இருப்பது என்று 2017இல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு காவல்துறை 2021இல் முகம் அறியும் மென்பொருளைக் கொண்டுவந்தது. அதற்கென்று சட்டமன்றம் தனிச்சட்டம் எதையும் இயற்றவில்லை.