எதுவரை நாம், எப்போது டெக்னீஷியன்?

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"எலக்ட்ரானிக்ஸ் படிச்சவருக்கு எதுக்கு மெக்கானிக்?" என்று என் வீட்டில் கேட்பார்கள். அந்தப் பெருமையில் நான் கெடுத்த ஒரு போர்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பிட்காயின் மைனிங் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2016-இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9-ஐ எடுத்துக்கொண்டால் இதன் அமைப்பு விளங்கும். ஒரு கன்ட்ரோல் போர்டு, மூன்று ஹாஷ் போர்டு, இரண்டு ஃபேன், தனியாக ஒரு பவர் சப்ளை, அவ்வளவுதான். ஹாஷ் போர்டு ஒவ்வொன்றிலும் 63 சிப். ஏறக்குறைய 1,300 வாட் இழுக்கும். ராப்பகலாக ஓடினால் நாளுக்கு 31 யூனிட்!

ஒருநாள் என் மெஷினில் ஒரு ஹாஷ் போர்டு வேலை செய்யவில்லை. லாக்கைப் பார்த்தேன், அந்தப் போர்டில் ஒரு சிப்பும் இல்லை என்றது. கரண்டை நிறுத்தி, தூசியை ஊதினேன். நல்ல போர்டின் டேட்டா கேபிளை இதற்கு மாற்றிப் போட்டேன். பவர் கேபிளையும் மாற்றினேன். கோளாறு போர்டோடவே வந்தது. ஆக கேபிள் நல்லது, கன்ட்ரோல் போர்டு நல்லது. இதுவரை செய்தது சரி. இதற்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம், பொறுமை போதும்.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தலையே! ஹாட் ஏர் கன் வைத்து, சந்தேகப்பட்ட ஒரு சிப்பைக் கழற்றினேன். பக்கத்துச் சிப்புகளும் நகர்ந்துவிட்டன.

கடைசியில் லேப்டாப்புக்கு சிப் லெவல் சர்வீஸ் செய்யும் ஒரு தம்பியிடம் போனேன். பார்த்துவிட்டு, "சார், அப்படியே கொண்டு வந்திருந்தா ஒரு சிப்போட முடிஞ்சிருக்கும். இப்ப பேடே பிஞ்சு வந்திருக்கு" என்றார். எஸ்9 போர்டில் சிப்புகள் மும்மூன்றாக 21 தொகுதி. தொகுதிக்கு சுமார் 0.4 வோல்ட். ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனால் எங்கே மாறுகிறதோ அங்கே தேடலாம். சிக்னல் ஒரு சிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவதால், ஒன்று கெட்டாலும் போர்டு முழுக்க ஊமையாகிவிடலாம். நான் அளக்காமல் தொட்டேன். அவர் அளந்த பிறகே தொடுகிறார்.

ஆகவே நண்பர்களே, தூசி, ஃபேன், கேபிள், போர்டு மாற்றிப் பார்ப்பது எல்லாம் நம்ம வேலை. சிப்பை எடுப்பது அவர் வேலை. பவர் சப்ளையை மட்டும் திறக்கவே வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் நிற்கும். கூலி கொடுக்கும் முன் கணக்கும் போடுங்கள். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கான பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகிவிட்டது. பழைய மெஷின் பிழைத்து எழுந்தாலும் கரண்ட் பில்லைக் கட்டுமா?

அந்தத் தம்பி கல்லூரிப் படியேறாதவர். நம்ம லேபில் சொல்லித்தந்த முதல் பாடத்தை எனக்கு நினைவூட்டியவர் அவர்தான்.