குடிலன் குரல்

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தை நாம் விழாதோறும் பாடுகிறோம். அதற்கப்பால் சென்றோர் எத்தனை பேர்? படிப்பதற்குரிய நாடகம் என்று பெயராகிவிட்டமையால், நம் மாணவர் அதனை வாய் திறவாது கண்ணாலேயே கடந்துவிடுகின்றனர்.

அமைச்சன் குடிலன் சீவக மன்னனைப் புகழுமிடத்தைப் பாருங்கள். ஏட்டில் அது வெறும் புகழ்மொழி. ஒருவன் குடிலனாகவும் மற்றொருவன் மன்னனாகவும் நின்று உரக்கப் படிக்கட்டும்; உள்ளுறையும் வஞ்சம் குரலிலே வெளிப்பட்டுவிடும். புணர்ச்சியால் இறுகிய அகவலடிகளும், நிறுத்துமிடத்தை நா அறிந்ததும் நெகிழ்ந்து பொருள் தரும். அகராதி பிறகு வரட்டும்! வெளிமாநிலத்தில் வளர்ந்து, தமிழைச் செவிவழியே பெற்ற நம் பிள்ளைகட்கு இதுவே எளிய வழி.

கண்டு களிப்பதற்கு இது ஈடாகுமோ எனில், ஆகாது. ஆதலின் அடுத்த ஆண்டு விழாவில் சில களங்களையேனும் நம் மேடையில் நடிக்கவும், ஒத்திகைக்கே மாணவரை அழைக்கவும் வேண்டுகிறோம்.