நீரின் நாட்காட்டி: விக்டோரியா ஏரிக்கரையில் கோல்ஃப் விடுமுறை

இலங்கையின் கண்டி நகருக்குக் கிழக்கே, திகன என்னும் ஊரையடுத்த ரஜவெல்லப் பகுதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி ஒரு கோல்ஃப் மைதானம் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ மூன்று புறமும் தண்ணீர் சூழ, அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் அரணாக நிற்க, பழைய தென்னந்தோட்டத்தின் மேடுபள்ளங்கள் மீது விரியும் இந்த 18 குழி மைதானம் 1999இல் திறக்கப்பட்டது. இதை வடிவமைத்த டொனால்டு ஸ்டீல், இங்கிலாந்துப் பத்திரிகையில் கோல்ஃப் செய்தியாளராகப் பணியாற்றிப் பின்னர் மைதான வடிவமைப்புத் துறைக்கு வந்தவர். சில நாள்கள் ஓரிடத்தில் தங்கி, காலையில் ஆடி, மாலையில் ஓய்ந்திருக்கும் கோல்ஃப் விடுமுறைக்கு இத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், வழக்கமாக விமானச் சீட்டின் விலையையும் அறையின் வாடகையையும் முதலில் பார்க்கிறார்கள். ஏரிக்கரை மைதானத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் நாட்காட்டியே ஆகும்.

இதற்குக் காரணம், இந்த ஏரி இயற்கையானதன்று என்பதாகும். இலங்கையின் மிக நீளமான ஆறாகிய, 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்கு அருகே கடலில் கலக்கும் மகாவலி கங்கையை மறித்து, பிரித்தானிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை, 122 மீட்டர் உயரம் கொண்ட வளைவு அணையாகும். அதாவது, தேங்கிய நீரின் அழுத்தத்தைத் தன் எடையால் மட்டும் தாங்காமல், வில்போல் வளைந்த சுவரின் வழியே இரு பக்கப் பாறைகளுக்குக் கடத்திவிடும் அமைப்புடையது. 1985 ஏப்ரலில், அன்றைய பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரின் வருகையின்போது திறந்துவைக்கப்பட்ட இந்த அணை, 210 மெகாவாட் மின்னுற்பத்தித் திறன் கொண்டது. தேங்கிய நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. பல்லாயிரம் மக்கள் தங்கள் வீடுகளையும் வயல்களையும் விட்டு உயரமான இடங்களுக்கும் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தார்கள். விடுதியின் மாடத்திலிருந்து இந்த நீர்ப்பரப்பைப் பார்க்கும் விருந்தினர்களில் இதை அறிந்தவர்கள் சிலரே. சுற்றுலா ஏடுகளும் இதை அதிகம் சொல்வதில்லை.

மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் திறந்துவிடப்படுவதால், ஏரியின் மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் வலுத்து நீர்த்தேக்கத்தை நிரப்பிய பின், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தண்ணீர் மைதானத்தின் ஓரம்வரை எழும்பிப் படங்களில் காணும் தோற்றத்தைத் தருகிறது; நீண்ட வறட்சியில் மட்டம் வெகுவாக இறங்கும்போதோ, கரைக்கும் நீருக்கும் இடையே செம்மண் பட்டையொன்று விரிந்து, ஏரியின் அடியில் கிடந்த பழைய தெல்தெனியவின் இடிபாடுகளும் வெளியே தெரிகின்றன. வறண்ட காலத்துக் காட்சியைக் குறை என்று கொள்ள வேண்டியதில்லை என்றாலும், நீலப்பரப்பை எதிர்பார்த்துப் பணம் கட்டியவர் செம்மண்ணைக் கண்டு ஏமாறுவது இயல்பே.

இந்த ஏற்ற இறக்கம் காட்சியை மட்டுமன்றி ஆட்டத்தையும் மாற்றுகிறது. கோல்ஃபில் பந்தை முதன்முதலாக அடிக்கும் மேடையை டீ என்றும், அங்கிருந்து குழி நோக்கிச் செல்லும் சீராக வெட்டிய புல்வழியை ஃபேர்வே என்றும், அதன் இரு மருங்கிலும் வளரவிட்ட உயரமான புல்லை ரஃப் என்றும், குழியைச் சுற்றி மழமழவென்று கத்தரிக்கப்பட்ட தரையை கிரீன் என்றும் அழைக்கிறார்கள். நீர்நிலைகளுக்கு 2019ஆம் ஆண்டின் விதிமாற்றத்தில் தண்டனைப் பகுதி என்னும் பொருளுடைய பெயர் தரப்பட்டது. அவற்றின் எல்லையைச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறக் கம்புகளால் குறிக்கிறார்கள். சிவப்புக் கம்புகளைத் தாண்டி உருண்ட பந்து தண்ணீரில் மூழ்கிவிட்டால், ஆட்டக்காரர் ஓர் அடியைத் தண்டனையாக ஏற்று, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு மேலும் நெருங்காமல், வேறொரு பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் தண்ணீர் வற்றியிருந்தாலும் அந்தப் பகுதி தண்டனைப் பகுதியாகவே நீடிக்கிறது. அங்கே காய்ந்து வெடித்த சேற்றின் மீது பந்து நின்றிருக்குமானால், அதைத் தண்டனையின்றி அப்படியே அடித்து மேலேற்றவும் விதி இடமளிக்கிறது. பழைய விதிப்படி அத்தகைய இடத்தில் மட்டையைத் தரையில் ஊன்றினால் தண்டனை. இன்று அதற்கும் தடையில்லை. நிறைந்த ஏரியில் தொலைந்திருக்க வேண்டிய பந்து, வற்றிய ஏரியில் கிடைத்துவிடுகிறது. ஆக, மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓரளவு தம் மதிப்பெண்ணையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

ஏரி நிறைந்திருக்கும் காலமே இங்கு வானம் தெளிவாக இருக்கும் காலமும் என்பது விடுமுறையைத் திட்டமிடுவோருக்கு ஒரு வாய்ப்பாகும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச்வரை கண்டிப் பகுதியில் மழை குறைவு. மார்ச் இறுதி முதல் ஏப்ரல்வரையிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும், பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், காலை வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் எழும்பிப் பிற்பகலில் இடியுடன் கூடிய மழையாகக் கொட்டுகிறது. திறந்த வெளியில், உலோக மட்டைகளின் நடுவே நிற்பவருக்கு இடியே பெரிய பகை. மின்னல் அபாயம் இருப்பதாகக் கருதும் ஆட்டக்காரர் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள விதியே உரிமை தருகிறது. 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், காலை ஆறரை அல்லது ஏழு மணிக்குத் தொடங்கும் நேரத்தை முன்பே பதிவு செய்துகொண்டால், வெயிலும் மழையும் வருவதற்குள் ஓய்வறைக்குத் திரும்பிவிடலாம்.

விழாக்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஜூலை அல்லது ஆகஸ்டில் கண்டியில் எசல பெரஹர நடைபெறும் நாள்களில் நகரில் அறைகளுக்குத் தட்டுப்பாடும் சாலைகளில் நெரிசலும் மிகுந்திருக்கும். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டையொட்டி மலையகமெங்கும் உள்ளூர்ப் பயணிகள் நிறைந்துவிடுகிறார்கள். மாதந்தோறும் வரும் முழுநிலவு நாளாகிய போயா, நாடு முழுவதும் பொது விடுமுறை. அன்று மதுவகை விற்பனைக்குத் தடை உண்டு. ஆட்டம் முடிந்து குளிர்ந்த பியர் அருந்துவதை வழக்கமாகக் கொண்டவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விக்டோரியா மைதானத்தின் பார் எண்ணிக்கை 73 ஆகும். பார் என்பது, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எல்லாக் குழிகளையும் முடிக்க எடுத்துக்கொள்வார் என எதிர்பார்க்கப்படும் அடிகளின் மொத்தம். பெரும்பாலான மைதானங்களில் அது 70க்கும் 72க்கும் இடைப்பட்டது என்பதை எண்ணினால், இங்கே நீண்ட குழிகள் உண்டு என்பது புலப்படும். ஒருவரது வழக்கமான திறமைக்கும் பாருக்கும் உள்ள இடைவெளியை ஓர் எண்ணாகக் குறிப்பதே ஹாண்டிகேப். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹாண்டிகேப் முறையால் ஒரு நாட்டின் எண் வேறொரு நாட்டிலும் செல்லுபடியாகிறது. தாம் சார்ந்த கிளப் வழங்கிய ஹாண்டிகேப் சான்றைக் கையில் வைத்திருப்பவருக்குப் பிற கிளப்புகளில் கேள்விகள் குறைவு.

செலவு என்று பார்த்தால், மைதானத்தைப் பயன்படுத்துவதற்கான கிரீன் கட்டணத்தோடு, மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிக்கான ஊதியம், மின்வண்டி வாடகை, மட்டை கொண்டுவராதவருக்கு வாடகை மட்டை ஆகியவை தனித்தனியே சேரும். முன்பதிவின்போது இவற்றுள் எது உள்ளடங்கியது என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் கணக்கு கடைசியில் உதைக்கும். மேடுபள்ளமான தரையிலும் கண்டியின் ஈரப்புழுக்கத்திலும் வண்டி தேவைப்படலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்றால் கேடியைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. கிரீனில் உருளும் பந்து எந்தப் பக்கம் சாயும் என்பதைப் புதியவர் கண்ணால் அளந்து தவறும் இடத்தில், அந்தத் தரையிலேயே நாள்தோறும் நடப்பவர் ஒரு விரலை நீட்டிச் சொல்லிவிடுகிறார். ஏரிக்கரை மைதானங்களில் பந்து எப்போதும் தண்ணீர்ப் பக்கமே சாயும் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. நிலம் பொதுவாக நீரை நோக்கித் தாழ்வதால் இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதியைக் கேடியிடம் கேட்டறிய வேண்டியதுதான்.

சொந்த மட்டைகளை எடுத்துச் செல்வோர், விதி அனுமதிக்கும் 14 மட்டைகளையும் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதில்லை. பத்து மட்டைகளும் ஒரு சோடிக் காலணியும் போதும். நீண்ட தண்டுடைய டிரைவர் மட்டையின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் காலுறைக்குள் பொதிந்து வைப்பது, விமான நிலையச் சுமைகளுக்கிடையே அது முறிவதைத் தடுக்கும்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானப் பயணம் ஒன்றரை மணி நேரமளவே என்பதால், தமிழகத்திலிருந்து செல்வோர் ஒரே பயணத்தில் மூன்று மைதானங்களைக் காணலாம். 1879இல் தொடங்கப்பட்ட ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்தினூடே களனிவெளி ரயில் பாதை செல்கிறது. ரயில் வரும்போது ஆட்டம் காத்திருக்கிறது. நுவரெலியாவில் 1889இல் உருவான கிளப், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள மெலிந்த காற்றில் பந்து கூடுதல் தொலைவு பறக்கிறது. ஆட்டக்காரர் வழக்கமாக எடுக்கும் மட்டையைவிட ஒரு படி குறைந்த மட்டையை எடுக்க நேரும். அருகிலுள்ள கிரகெரி ஏரியும் 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகெரியின் காலத்தில் மனிதர் அமைத்ததே. நுவரெலியா மாவட்டத்தில் தமிழரே பெரும்பான்மையினர் என்பதால், ஊர்ப் பேச்சுக்கு வேறு மொழி தேட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் எழாது. ஆடாத குடும்பத்தினருக்குக் கண்டியில் தலதா மாளிகையும் பேராதனைத் தாவரவியல் பூங்காவும் ஒரு முழு நாளுக்குப் போதும்.

வரிசை எப்படி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பலர் நுவரெலியாவின் குளிரை நாடி நேரே மலையேறிவிடுகிறார்கள். முதலில் ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்திலுள்ள விக்டோரியாவில் மூன்று நாள் தங்கி, பந்தின் வழக்கமான தொலைவு கைக்குப் பழகிய பின் மலையேறுவதே ஏற்றது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவுதான் என்றாலும், கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையில் மழை பெய்தால் மண்சரிவால் போக்குவரத்து தடைபடக்கூடும். எனவே, மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் விமானத்துக்குச் சீட்டு எடுக்காமல், இடையே ஒரு நாளைக் கொழும்பில் கழிக்குமாறு ஒதுக்கி வைப்பதும், ராயல் கொழும்பு ஆட்டத்தை அந்த நாளுக்கே பதிவு செய்துகொள்வதும் தக்கதாகும்.