காலுக்கேற்ற சப்பாத்து
(எமது மன்றத்தின் மாதக் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)



"ஓட்டச் சப்பாத்தும் ஒரு சொற்பொழிவுப் பொருளோ?" என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். பாதரட்சைகளையெல்லாம் வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சபையிலே அவற்றைப் பற்றியே பேசத் துணிவது வேடிக்கைதான். ஆயினும் மைதானத்திலே கால் நகம் இரண்டை இழந்தவன் என்ற உரிமை எனக்குண்டு.

நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. எனக்குப் பதினான்கு வயதானபோது, இல்ல விளையாட்டுப் போட்டியின் 1500 மீற்றர் ஓட்டத்துக்கென்று ஐயா ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தந்தார். "வளருகிற கால்தானே" என்று இரண்டு அளவு பெரிதாகவே வாங்கினார். எங்கள் வீடுகளில் இது வழமை. அவரை நான் குறைகூற மாட்டேன். அந்த மாதம் தமது சைக்கிளுக்கு வாங்கவேண்டிய ரயரை அவர் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நுனியிலே பஞ்சை அடைத்துக்கொண்டு ஓடினேன். நேரான பாதையிலே ஒன்றும் தெரியவில்லை. வளைவுகளிலோ கால் ஒருபுறம் போகச் சப்பாத்து மறுபுறம் போயிற்று. மூன்றாம் சுற்றிலே பஞ்சு நழுவி உள்ளங்காலின்கீழ் வந்துவிட்டது. விரல்கள் முன்னே சென்று இடித்துக்கொண்டேயிருந்தன. ஐந்தாவதாக வந்தேன். நகங்கள் கறுத்துப் பின்னர் விழுந்தன. ஐயாவிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு அளவு என்றால் எவ்வளவு என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன். பிரித்தானிய அளவு முறையிலே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு உண்டு. பழங்காலத்திலே ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தைக் கொண்டு வகுத்த கணக்காம் அது. ஆகவே இரண்டு அளவு ஏறக்குறைய 17 மில்லிமீற்றர், ஒரு விரற்கடை! அமெரிக்க எண்கள் வேறு. ஆண்களின் சப்பாத்திலே பிரித்தானிய 8, அமெரிக்க 9 என்று குறிக்கப்படும். எண்ணை மட்டும் நம்பி வாங்குபவன் ஏமாறுவான்.

இவ்விடத்திலே நமது பெரியவர் ஒருவர் என்னிடம் முன்பே கேட்ட கேள்விக்கு விடை கூறவேண்டும். "தம்பி, அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடித்தானே வென்றான்?" என்றார். உண்மைதான். 1960 ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கிலே எதியோப்பிய வீரர் பிக்கிலா வெறுங்காலோடு மரதன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முதல்வராக வந்தார். ஆனால் அவர் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். அங்கே கிடைத்த சப்பாத்து அவருடைய காலுக்கு ஒத்துவரவில்லை. அதனால் அதை விலக்கினார். 1964 இல் ரோக்கியோவிலே, குடல்வால் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே கழிந்திருந்த நிலையிலே, சப்பாத்து அணிந்து ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். அவர் விலக்கியது சப்பாத்தை அன்று, பொருந்தாத சப்பாத்தை என்பதே என் கட்சி. பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, பொருந்துவதை எப்படி அறிவது? மாலையிலே கடைக்குப் போங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சிறிது வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படியே வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையையே கொண்டுபோங்கள். இரண்டு கால்களும் பலருக்குச் சமமாக இருப்பதில்லை. பெரிய காலுக்கே வாங்கவேண்டும். எழுந்து நின்று பார்த்தால், மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் நகத்தின் அகலம் இடம் இருக்கவேண்டும். மிக நீண்ட விரல் பெருவிரல்தான் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு அடுத்த விரலே நீளம், கறுத்த நகங்களிலே ஒன்று அதனுடையது. குதிக்கால் மேலெழக் கூடாது. விரல்கள் மடியும் இடத்திலேயே சப்பாத்தும் மடியவேண்டும். பிறகு, வெட்கப்படாமல், கடைக்குள்ளேயே சிறிது ஓடிப் பாருங்கள். "போடப் போட இளகும்" என்று விற்பவர் சொன்னால் நன்றி கூறி வெளியே வந்துவிடுங்கள்.

பாத வளைவைப் பார்த்து, இன்ன பாதத்துக்கு இன்ன வகை என்று கூறுவோரும் உளர். அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் பயிற்சி பெற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாத அமைப்பின்படியும் மற்றதற்கு எல்லோர்க்கும் ஒரே வகையாகவும் சப்பாத்து வழங்கிப் பார்த்தார்கள். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அம்முடிவுகள் வெளிவந்தன. காயமடைந்தோர் தொகையிலே பெரிய வேறுபாடு இல்லை. காலுக்கு எது இதமோ அதை எடு என்று இன்றைய ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். இவ்வளவு கருவிகளுக்குப் பின் காலிடமே கேட்கச் சொல்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

விலையுயர்ந்த கார்பன் தகடு பதித்த சப்பாத்துகளும் உண்டு. 2019 இல் வியன்னாவிலே கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது அவ்வகை ஒன்றைக் கொண்டே. மறு ஆண்டிலே, வீதி ஓட்டத்துக்குரிய அடித்தடிப்பு 40 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது என உலக மெய்வல்லுநர் சங்கம் விதித்தது. நமது மைதானத்துப் புழுதிக்கு அவை வேண்டியதில்லை. வாங்கியதைப் பேணினாற் போதும். நனைந்தால் பழைய பத்திரிகைத் தாளை உள்ளே அடைத்து நிழலிலே காயவிடுங்கள். வெயிலிலே பசை விட்டுப்போகும். 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும் மெத்தை தளர்ந்துவிடும்.

சென்ற விடுமுறையிலே வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பிக்கு இப்போது பதினான்கு வயது. அவனும் 1500 மீற்றர் ஓடுகிறான். என் சர்வகலாசாலை உதவிப்பணத்திலே மிச்சம் பிடித்திருந்தேன். மாலையிலே அவனைத் தாளின்மேல் நிறுத்திப் பென்சிலால் இரு பாதங்களையும் சுற்றி வரைந்தேன். ஐயா பார்த்துக்கொண்டே நின்று, "இன்னும் ஒரு அளவு கூட்டி எடன்" என்றார். அப்பொழுதுதான் அந்த நகங்களின் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் குனிந்து, அந்தப் பென்சிலை வாங்கி, தம்பியின் இடது காலைத் தாமே மறுபடி அளந்தார்.