எம்டன் என்றொரு கப்பல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏற்றுமதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பழைய கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீங்க, சுற்றி வளைத்து ஏற்றுமதிக்கே வந்து சேர்வேன்.

"அவன் சரியான எம்டனுங்க" என்கிறோம். விடுதியில் நாமும் ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தோம். யாரென்று சொல்ல மாட்டேன், அவரும் வந்திருக்கிறார். (சிரிப்பு)

எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். குரூசர் வகை. 1908ல் டான்சிக்கில் கடலில் இறக்கினார்கள். பத்து பீரங்கி, பன்னிரண்டு பாய்லர். டர்பைன் வந்துவிட்ட காலத்திலும் இதற்குப் பழைய பிஸ்டன் எஞ்சின்தான். விக்டோரியா ராணி காலத்துக் குரூசர்களில் ஓடிய அதே ரகம். சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தில் சில வருடங்கள் இருந்தது. 1913ல் கார்ல் ஃபான் முல்லர் கேப்டனாக வந்தார்.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. மற்ற ஜெர்மன் கப்பல்கள் பசிபிக் பக்கம் போக, எம்டன் மட்டும் ஒரு கரிக் கப்பலைக் கூட்டிக்கொண்டு நம் கடலுக்கு வந்தது. அதற்கு மூன்று புகைபோக்கி. துணியும் மரமும் வைத்து நாலாவது ஒன்றைப் பொய்யாகக் கட்டினார்கள். தூரத்தில் பார்த்தால் இங்கிலீஷ் கப்பல்! லேபிள் மாற்றுகிறவர்களுக்கெல்லாம் இவர் பெரியண்ணன்.

செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் வேட்டை. இண்டஸ், லோவட், கில்லின், தேயிலை ஏற்றிய டிப்ளமேட் என்று வரிசையாக மூழ்கின. முதலில் ஆட்களை இறக்கிவிடுவார், பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். காபிங்கா என்ற கப்பலை மட்டும் விட்டுவிட்டார். ஏன்? கப்பல் பிரிட்டிஷ், ஆனால் உள்ளிருந்த சரக்கு அமெரிக்கர்களுடையது. அமெரிக்கா அன்று நடுநிலை நாடு. சரக்கை அழித்தால் ஜெர்மனி நஷ்டஈடு தரவேண்டி வரும். பிடித்துவைத்திருந்த ஆட்களையெல்லாம் அதிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். டாக்குமெண்ட் கிளார்க்குகள் இதைக் கவனிக்கணும். சரக்கு யாருடையது என்ற காகிதம் ஒரு கப்பலையே காப்பாற்றியிருக்கிறது.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணிவாக்கில் சென்னை. ஊரில் விளக்கெல்லாம் எரிகிறது. அன்று கலங்கரை விளக்கம் ஹைகோர்ட்டுக் கோபுரத்திலேயே இருந்தது, அதுவும் எரிகிறது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேராவது இறந்தார்கள். ஹைகோர்ட் மதில் ஓரம் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். சென்னை போனால் பாருங்கள்.

ராணுவக் கணக்கில் இது பெரிய சேதம் இல்லை. ஆனால் ஊர் காலியானது. மூட்டை முடிச்சோடு ரயிலடியில் ஜனம் நெரிந்தது. அதற்கு முன்பே வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் ஏறியது, சரக்கு துறைமுகத்தில் தேங்கியது. எம்டன் மொத்தத்தில் பிடித்தது ஏறத்தாழ இரண்டு டஜன் கப்பல்கள். பயத்தால் கிளம்பாமல் நின்ற கப்பல்களுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

1914ல் நம் ஊரில் பனியன் கம்பெனி கிடையாது. அந்தக் கணக்கு நமக்கு வந்தது 2023 நவம்பரில். செங்கடலில் ஹூதிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். அடிபட்டவை கொஞ்சம்தான். டிசம்பரில் பெரிய லைன்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஐரோப்பாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடுதல். "எஃப்.ஓ.பி.தானே, வாடகை பையர் தலையில்" என்று நாம் சும்மா இருக்க முடிந்ததா? சீசன் சரக்கு லேட்டானால் ஒன்று டிஸ்கவுண்ட், இல்லாவிட்டால் விமானத்தில் அனுப்பு என்கிறான். பணம் வரத் தாமதமானால் பாங்க் வட்டி நிற்குமா? சனிக்கிழமைச் சம்பளம் நிற்குமா? இதில் கம்பெனியை விடச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்குத்தான் முதல் அடி. அவருக்குப் பையரும் தெரியாது, செங்கடலும் தெரியாது.

இன்னொன்று. செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று பல மேடைகளில் சொல்கிறார்கள். அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில், சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். கப்பலோ சீனாவிலிருந்து வந்தது. அவர் பெருமைக்கு அவர் செய்ததே போதுமுங்க.

சென்னைக்குப் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றிப் போய், கார்டிஃப் கரி ஏற்றிய புரெஸ்க் கப்பலைப் பிடித்தது. நல்ல கரி கிடைத்தால் வேகமும் உண்டு, புகையும் குறைவு. அக்டோபர் 28ல் பினாங்கில் ரஷ்யாவின் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கினார்கள். அதற்குள் தந்திக்காரர் செய்தி அனுப்பிவிட்டார். ஆஸ்திரேலியாவின் சிட்னி வந்தது. பெரிய பீரங்கி, கூடுதல் வேகம். எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள், சிட்னியில் நாலு பேர். முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தி, கைதியாகி, 1923ல் காலமானார். தீவில் இறங்கிய கோஷ்டி மட்டும் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பியது. எம்டனின் எலும்புக்கூடு வெகுகாலம் அங்கேயே கிடந்தது. 1950களில் ஒரு ஜப்பான் கம்பெனி பழைய இரும்புக்கு உடைத்து எடுத்துப் போனது.