வெள்ளிக்கிழமைச் சமையல்



மருத்துவர்களான நாங்கள் இறைச்சியைக் குறைக்கச் சொன்னால், "அப்ப என்னத்தைச் சாப்பிடுறது?" என்கிறார்கள். திருகோணமலையில் வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கௌரி விரதம், கத்தோலிக்கத் தோழிகளுக்குத் தவக்காலம் என்று மச்சச்சட்டி அடுப்பேறாத நாட்கள் எத்தனை இருந்தன! முருங்கையிலை வறை, பருப்பு, வல்லாரைச் சம்பல், சொதி. மற்ற நாட்களில் துறைமுகத்துச் சூடை, கீரி. ஆட்டிறைச்சி தீபாவளி போன்ற நாட்களுக்குத்தான்.

இன்று இங்கும் கனடாவிலும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் சொசேஜ். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும். அது ஒரு பெரிய சொசேஜின் நிறைதான். நாற்பதைக் கடந்த எங்கள் வகுப்பிலோ பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் மாத்திரை போடாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

முற்றாக விடச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து முக்கியம். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. பால், முட்டையும் தொடாதவர்கள் பி12 விற்றமின் எடுக்கவேண்டும்.

இறைச்சிக் கறியில் பாதியைக் குறைத்துப் பிஞ்சுப் பலாக்காய் போடுங்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். கணவன்மார் கண்டுபிடிப்பார்கள், ஆனாலும் இன்னொரு அகப்பை கேட்பார்கள்.